துவைத்துத் துவைத்துப் பயன்படுத்த: சமையலறைத் துப்புரவுத் துணிகளையும் ஸ்க்ரப்பரையும் நாமே தைக்கும் முறை

சமையலறை மேடையைத் துடைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் நாம் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, ஒருமுறை துடைத்ததும் குப்பைக்குப் போகும் டிஷ்யூ தாள். மற்றொன்று, சில வாரங்களில் பிய்ந்துபோகும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சும் நைலான் நாரும். இந்த இரண்டாம் வகை தேயும்போது உதிரும் பிளாஸ்டிக் துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் கழிவுநீரோடு போய்விடுகின்றன. இவற்றின் வேலையில் பெரும்பகுதியைப் பழைய பருத்தித் துண்டும் சணல் சாக்கும் செய்துவிடும். அவற்றைத் தைப்பதற்குப் பெரிய தையல் தேர்ச்சி வேண்டியதில்லை. நேர்கோட்டில் தைக்கத் தெரிந்தால் போதும், இயந்திரம் இல்லாவிட்டால் கையாலும் தைக்கலாம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் முதன்முதலில் தைத்த ஸ்க்ரப்பருக்குள் பழைய டர்க்கி துண்டை ஆறு அடுக்காக மடித்து வைத்து, நாற்புறமும் தைத்து மூடினேன். கைக்கு அடக்கமாக, பார்க்கவும் அழகாக இருந்தது. நான்காம் நாள் அதிலிருந்து எழுந்த நாற்றம் தாங்காமல் பிரித்துப் பார்த்தபோது வெளித்துணி காய்ந்திருந்தது. நடுவில் இருந்த அடுக்குகள் முதல் நாள் நனைந்த ஈரத்தோடு அப்படியே இருந்தன. துப்புரவுத் துணி எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பதைவிட, வேலை முடிந்த பிறகு எவ்வளவு விரைவில் உலர்கிறது என்பதே முக்கியம் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். கீழே வரும் அளவுகளும் அடுக்குகளும் மடிப்புகளும் இந்த ஒரு கணக்கை வைத்தே அமைந்தவை.

இது வெறும் நாற்றம் பற்றிய கவலை அன்று. பயன்பாட்டில் இருந்த 14 சமையலறை ஸ்பாஞ்சுகளை ஜெர்மனிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவற்றின் சில பகுதிகளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருந்தன. அவ்வப்போது தனியாகச் சுத்தம் செய்ததாக உரியவர்கள் சொன்ன ஸ்பாஞ்சுகளிலும் எண்ணிக்கை குறைவாக இல்லை. ஈரம், உணவுத் துணுக்கு, காற்றுப் புகாத ஆழம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடம் எதுவாயினும் அங்கே இதே நிலைதான் ஏற்படும். நாம் தைப்பது பருத்தி என்பதால் மட்டும் அதற்கு விலக்குக் கிடைத்துவிடாது.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பருத்தியே இந்த வேலைக்கு முதல் துணி. ஈரத்தை ஏற்கும் இயல்பில் இழைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது: சாதாரண அறைச் சூழலில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டர் ஏற்பதோ 0.4 விழுக்காடுதான். பாலியெஸ்டர் கலந்த துணியால் மேடையைத் துடைத்தால் நீர் உறிஞ்சப்படாமல் மேடை முழுவதும் இழுபடுவது இதனால்தான். பருத்திக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. நனைந்த நிலையில் அதன் இழை உலர்ந்த நிலையைவிட வலுவானது; அடித்துத் துவைத்தாலும் முறுக்கிப் பிழிந்தாலும் தாங்கும். ரேயான், விஸ்கோஸ் ஆகியவை இதற்கு நேர் எதிர். நனைந்ததும் வலுவில் கணிசமான பகுதியை இழந்துவிடும். மூங்கில் துணி என்ற பெயரில் விற்கப்படும் மென்மையான துணிகளில் பெரும்பாலானவை மூங்கில் கூழிலிருந்து எடுக்கப்பட்ட விஸ்கோஸ்தான் என்பதால், அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

வீட்டில் கிடக்கும் துணி எந்த இழையால் ஆனது என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி எரியும்போது தாள் எரியும் மணம் வரும். தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்கு இடையே கெட்டித் துணுக்குகள் தட்டுப்படும்.

புதிய துணி வாங்குவதற்கு முன் அலமாரியைத் திறந்து பார்ப்பதே நல்லது. பருத்தியை விளைவிக்கவும் நூற்கவும் சாயமேற்றவும் ஆகும் நீரும் ஆற்றலும் கொஞ்சமல்ல. சுற்றுச்சூழலுக்காகத் தைக்கிறோம் என்று சொல்லிப் புதுத்துணியை மீட்டர் மீட்டராக வெட்டுவதில் பொருளில்லை. நடுவில் தேய்ந்து ஓரம் நன்றாக இருக்கும் டர்க்கி துண்டு, பழைய பருத்திப் படுக்கை விரிப்பு, ஃபிளானல் சட்டை, கால்முட்டி கிழிந்த ஜீன்ஸ் ஆகியவை ஏற்கெனவே பலமுறை துவைக்கப்பட்டுச் சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்தவை. நீரை உறிஞ்சவும் பழகியவை. புதிதாக வாங்கியே ஆக வேண்டுமென்றால், டர்க்கி துணியில் ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். குளியல் துண்டுகளில் காணும் 600 கிராம் தடிமன் உடலுக்குச் சுகமாக இருக்கலாம். ஆனால் சமையலறைக் கொடியில் அது எளிதில் காயாது. தேன்கூடு போன்ற குழிகளோடு நெய்யப்படும் வாஃபிள் துணி, மெல்லியதாக இருந்தே நிறைய நீரை ஏற்று விரைவில் உலர்ந்துவிடும். என்னைக் கேட்டால் டர்க்கியைவிட இதுவே மேல்.

கருவிகளும் நூலும்

கத்தரி, அளவு நாடா, துணியில் கோடு போடும் சாக்கட்டி, குண்டூசி, இஸ்திரிப் பெட்டி ஆகியவை போதும். மெல்லிய பருத்திக்கு 14 எண் ஊசியும், டர்க்கி இரண்டு அடுக்கு அல்லது ஜீன்ஸ் தைக்க 16 எண் ஊசியும் போடுங்கள். தையல் நீளத்தை 2.5 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டர் வரை வைக்கலாம். தடித்த துணியில் அதைவிடச் சிறிய தையல் போட்டால் துணி முன்னே நகராமல் ஒரே இடத்தில் நூல் குவிந்துவிடும்.

நூலைப் பொறுத்தவரை பாலியெஸ்டர் நூல் வலுவானது, ஆனால் மக்காது. பருத்தி நூல் மக்கும், ஆனால் கொதிநீரிலும் சோடாவிலும் அடிக்கடி போகும் துணியில் முதலில் அறுவது அதுதான். என்றாவது ஒருநாள் முழுத்துணியையும் மண்ணில் போட வேண்டும் என்று நினைப்பவர்கள் தடித்த பருத்தி நூலால் தைத்து, இரண்டாம் வரித் தையல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையால் தைப்பவர்கள் வெறும் ஓடு தையலை நம்ப வேண்டாம். அதில் ஒரு கண் அறுந்தால் வரிசை முழுவதும் பிரிந்துவரும். ஒவ்வொரு தையலிலும் ஊசியைச் சற்றுப் பின்னே கொண்டுவந்து குத்தி, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் போடும் பின் தையலே பிழியும்போது தாங்கும்.

வெட்டுவதற்கு முன் துவைத்தல்

புதுத்துணியாக இருந்தால் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. நெசவின்போது பாவு நூலுக்கு, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, ஏற்றிய கஞ்சியும், கடையில் பளபளப்பாகத் தெரிவதற்காகப் பூசிய பூச்சும் நீரை உள்ளே விடுவதில்லை. பருத்தி முதல் சில சலவைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது இயல்பு. ஃபிளானலும் தளர்வான டர்க்கியும் அதைவிடக் கூடுதலாகச் சுருங்கக்கூடும். வெவ்வேறு அளவில் சுருங்கும் இரண்டு துணிகளைத் துவைக்காமல் ஒன்றாகத் தைத்தால், முதல் சலவையிலேயே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் பை போலத் தொங்கும். பின்னர் எந்த இஸ்திரியும் அதை நேராக்காது.

5 லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, துணியை அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். புதுத்துணிக்கு இதை இரண்டு முறை செய்வது நல்லது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்கும் என்பதால் எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் செய்யுங்கள். காய்ந்த துணியின்மேல் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் இன்னொரு சலவை தேவை. விழுந்த கணமே பரவி மறைந்தால் துணி தயார். கடைசியாக இஸ்திரி போட்டு, பாவு நூலின் போக்கிலேயே கோடு போட்டு வெட்டுங்கள். நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய சதுரம் நான்கைந்து சலவைகளில் சாய்சதுரமாகிவிடும்.

முதலில்: ஒற்றை அடுக்கு மேடைத் துணி

தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்குவதே சரி. விரைவில் காய்வதில் இதற்கு இணையானது வேறொன்றும் இல்லை. வாஃபிள் துணி அல்லது பழைய படுக்கை விரிப்பிலிருந்து 34 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு ஓரங்களையும் 1 செ.மீ. மடித்து இஸ்திரி போட்டு, மறுபடியும் 1 செ.மீ. மடித்து இஸ்திரி போடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 2 செ.மீ. மடிப்புக்குள் போவதால் முடிவில் 30 செ.மீ. சதுரம் கிடைக்கும்.

மூலைகளை மட்டும் பொறுமையாகச் செய்ய வேண்டும். அப்படியே மடித்துத் தைத்தால் மூலையில் ஏராளமான அடுக்குகள் சேர்ந்து, ஊசியும் ஏறாது, ஈரமும் போகாது. எனவே இஸ்திரி போட்ட மடிப்புகளை மூலையில் விரித்துவிடுங்கள். உள்மடிப்புக் கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியின் வழியாகக் குறுக்கே கோடு விழுமாறு மூலையை உள்நோக்கி மடித்து அழுத்தி, மடிப்புக் கோட்டிலிருந்து அரை செ.மீ. விட்டு முனையை வெட்டி நீக்குங்கள். பிறகு இரு பக்க ஓரங்களையும் பழைய மடிப்பிலேயே மடித்தால் மூலையில் சாய்ந்த கோடாக இரண்டும் கச்சிதமாகச் சேரும். மடிப்பின் உள்விளிம்பை ஒட்டி நாற்புறமும் தைத்து, தொடங்கிய இடத்தில் மூன்று நான்கு தையல் முன்னும் பின்னும் ஓட்டி முடியுங்கள்.

ஒரு மூலையில் 10 செ.மீ. நீள நாடாவை இரண்டாக மடித்து மடிப்புக்குள் செருகித் தைத்துவிட்டால் மாட்டுவதற்கு வளையம் கிடைத்துவிடும். அலங்காரமாகத் தோன்றினாலும் இந்த வளையத்தை விட்டுவிட வேண்டாம். வளையம் இல்லாத துணி குழாயின் மேல் சுருண்டு கிடக்கும். வளையம் உள்ளது ஆணியில் விரிந்து தொங்கும்.

டர்க்கி துணியை இப்படி இரட்டையாக மடிப்பது வீண் வேலை. ஓரம் கட்டை போலாகிவிடும். அதற்கு 30 செ.மீ. சதுரமாகவே வெட்டி, மூலைகளை ஒரு கோப்பையின் வாயை வைத்து வளைவாக வெட்டி, மெல்லிய பருத்தியில் 4 செ.மீ. அகலத்தில் நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய பட்டியை ஓரத்தில் பைப்பிங்போலச் சுற்றித் தையுங்கள். சுற்றளவு ஏறத்தாழ 120 செ.மீ. வரும், பட்டியை 130 செ.மீ. எடுத்துக்கொண்டால் இணைப்புக்குச் சரியாக இருக்கும். சாய்வாக வெட்டிய பட்டிதான் வளைவில் சுருக்கமில்லாமல் படியும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஓரத்தில் நெருக்கமான ஜிக்ஜாக் தையலை இரண்டு முறை ஓட்டினாலும் போதும்.

டிஷ்யூ தாளுக்கு மாற்று: இரட்டை அடுக்குத் துண்டு

சிந்திய நீரை ஒரே துடைப்பில் எடுக்க ஒற்றை அடுக்கு போதாது என்று நினைப்பவர்களுக்கு இது. மேலே ஃபிளானல் அல்லது படுக்கை விரிப்புத் துணி, கீழே மெல்லிய டர்க்கி. இரண்டுக்கு மேல் அடுக்கு வேண்டாம். இரண்டையும் 30 செ.மீ. சதுரமாக வெட்டி, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் குண்டூசி குத்துங்கள். இயந்திரத்தில் வைக்கும்போது டர்க்கி கீழே இருக்க வேண்டும். அழுத்துகாலில் அதன் நூல் வளையங்கள் மாட்டாமல் இருக்கும், இழுபடும் துணியை இயந்திரத்தின் பற்கள் சீராக நகர்த்தவும் செய்யும்.

ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளிச் சுற்றிலும் தையுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் மட்டும் 8 செ.மீ. இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியின் இரு முனைகளிலும் பின்னோக்கி ஓட்டி உறுதிசெய்யாவிட்டால், புரட்டும்போது தையல் பிரியும். நான்கு மூலைகளிலும் தையலைத் தொடாமல் முனையைச் சாய்வாக வெட்டிவிட்டு, இடைவெளி வழியாக உள்பக்கத்தை வெளியே புரட்டுங்கள். மூலையைத் தள்ள மழுங்கிய குச்சியைப் பயன்படுத்துங்கள். கத்தரி முனையால் தள்ளித் துணியில் ஓட்டை போட்டவர்கள் நம்மில் பலர். இடைவெளியின் ஓரங்களை உள்ளே மடித்து, துண்டின் விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே நாற்புறமும் மேல்தையல் போட்டால் இடைவெளியும் அதிலேயே மூடிக்கொள்ளும். கடைசியாக மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி தைத்தால், துவைக்கும்போது அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகராது. அதற்கு மேல் கட்டம் கட்டமாகத் தைத்தால் டர்க்கியின் வளையங்கள் நசுங்கி உறிஞ்சும் திறன் குறைந்துவிடும்.

இந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து டிஷ்யூ உருளை போலச் சுற்றிவைக்க அழுத்துப் பொத்தான் வைத்துத் தைப்பவர்களும் உண்டு. பொத்தான்களுக்குச் செலவிடும் நேரத்தில் இன்னும் நான்கு துண்டுகள் தைத்து ஒரு கூடையில் அடுக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர்

இங்கேதான் அமைப்பு முக்கியம். மூடித் தைத்த பொதிக்குப் பதிலாக, தலையணை உறை போன்ற ஒரு சிறு பையையும், அதற்குள் போட்டு எடுக்கக்கூடிய ஒரு மடிப்புத் துணியையும் தனித்தனியாகத் தைப்போம். வேலை முடிந்ததும் உள்துணியை உருவி இரண்டையும் தனித்தனியே தொங்கவிட்டால், நடுவில் ஈரம் தங்குவதற்கு இடமே இல்லை.

தேய்க்கும் முகத்துக்குப் பொருத்தமான பொருள்கள் மூன்று. முதலாவது சணல் சாக்கு. சொரசொரப்பு நன்றாக இருக்கும். ஆனால் சணலை நூற்கும்போது மென்மைக்காக எண்ணெய் சேர்ப்பது வழக்கம் என்பதால், சோடா கலந்த வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து, அந்த வாடை போகும்வரை அலச வேண்டும். தானியம் இருந்த சாக்கா, வேதிப்பொருள் இருந்த சாக்கா என்று உறுதியாகத் தெரியாத எதையும் உணவுப் பாத்திரத்தின் அருகே கொண்டுவர வேண்டாம். ஈரத்திலேயே கிடந்தால் சணல் விரைவில் இற்றுப்போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இரண்டாவது, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடு. அதை நீளவாக்கில் வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து விரித்து, கனமான பொருளின் கீழே வைத்துத் தட்டையாக உலர்த்தினால் தைக்க வசதியாக இருக்கும். மூன்றாவது, பழைய ஜீன்ஸ் துணியின் மேல் தடித்த பருத்தி நூலால் அரை செ.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாகத் தைத்து மேடுபள்ளம் உண்டாக்கியது. தேய்க்கும் வேகத்தில் இது கடைசி. நீடித்து உழைப்பதில் இதுவே முதல்.

முடிந்த அளவு 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் என்று வைத்துக்கொள்வோம். தேய்க்கும் முகத்தை 16 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். சணல் வெட்டிய உடனே ஓரத்தில் பிரியத் தொடங்கும். ஆகவே அதே அளவில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை அதன் உள்பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து நாற்புறமும் ஜிக்ஜாக் போட்டு, நடுவில் இரண்டு குறுக்குத் தையலும் ஓட்டிவிடுங்கள். பீர்க்க நாரானால், 12 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்தில் நறுக்கி, பருத்தி முகத்தின் நடுவே வைத்து ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட்டால், பையின் தையலுக்குள் நார் வராது, ஊசியும் உடையாது.

பின்முகத்துக்கு டர்க்கியில் 11.5 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு துண்டுகள் தேவை. ஒவ்வொன்றிலும் 11 செ.மீ. ஓரம் ஒன்றை முதலில் அரை செ.மீ., பிறகு 1 செ.மீ. மடித்துத் தைத்தால் நீளம் 10 செ.மீ. ஆகும். இப்போது தேய்க்கும் முகத்தை நல்ல பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வையுங்கள். அதன்மேல் பின்முகத் துண்டுகளை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு, மடித்த ஓரங்கள் நடுவில் 4 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் மொத்த நீளம் 16 செ.மீ.க்குச் சரியாக வரும். ஒரு மூலையில் மாட்டும் வளையத்தை உள்நோக்கிச் செருகுங்கள். பல அடுக்குகள் என்பதால் முதலில் கையால் கச்சா தையல் (பின்னர் பிரித்துவிடும் தளர்வான தையல்) போட்டுக்கொண்டு, பிறகு 1 செ.மீ. உள்ளே நாற்புறமும் தையுங்கள். துணிகள் ஏறும் இடங்களில் இரண்டு முறை ஓட்டுங்கள். தடித்த இடத்தில் ஊசி திணறினால் மிதியை அழுத்தாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடலாம். மூலைகளை நறுக்கி, நடுவில் உள்ள திறப்பு வழியாகப் புரட்டினால் பை தயார்.

உள்துணிக்கு 24 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம் உள்ள டர்க்கித் துண்டின் ஓரங்களில் ஜிக்ஜாக் போட்டால் போதும். அதை மூன்றாக மடித்தால் 13 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் வரும், பைக்குள் சற்றுத் தளர்வாக நுழையும். ஸ்பாஞ்ச் போலப் புடைத்திருக்க வேண்டும் என்ற ஆசையில் பாலியெஸ்டர் பஞ்சைத் திணிக்க வேண்டாம். பருத்திப் பஞ்சையும் வேண்டாம், அது திரண்டு உருண்டைகளாகி உள்ளேயே ஊறிக்கிடக்கும். ஒட்டாத பூச்சுள்ள வாணலிக்கு எப்போதும் டர்க்கி முகத்தையே பயன்படுத்துங்கள். அடிப்பிடித்த பாத்திரத்தைத் துணி ஸ்க்ரப்பரால் மல்லுக்கட்டித் தேய்ப்பதைவிட, சோடா கலந்த வெந்நீரில் சற்று நேரம் ஊறவைத்துத் தேய்ப்பது துணிக்கும் கைக்கும் நல்லது. அலுமினியப் பாத்திரத்துக்குச் சோடா இல்லாத வெந்நீரே போதும்.

கண்ணாடித் துணியும் தரைத் துணியும்

டர்க்கியால் கண்ணாடிக் கோப்பையைத் துடைத்தால் பஞ்சு ஒட்டும். அதற்கு லினன் அல்லது நன்றாகத் தேய்ந்த மெல்லிய பருத்தியில் 45 செ.மீ. அகலம், 65 செ.மீ. நீளமுள்ள துண்டை முன்சொன்ன முறையில் ஓரம் மடித்துத் தைத்தால் போதும். தரை துடைப்பானின் தலைக்கு உறை தைக்க, அதன் தட்டை அளந்து, எல்லாப் பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக டர்க்கியை வெட்டி, இரு முனைகளிலும் 8 செ.மீ. ஆழத்தில் பைகள் வைத்துத் தையுங்கள். தட்டின் இரு முனைகளும் அவற்றுக்குள் நுழைந்துகொள்ளும். எலாஸ்டிக் வைத்தும் தைக்கலாம். ஆனால் கொதிநீரில் முதலில் கெட்டுப்போவது எலாஸ்டிக்தான்.

எத்தனை வேண்டும், எதை எதற்கு

துவைக்கும் இடைவெளியைப் பொறுத்தது இது. மேடைத் துணியை நாள்தோறும் மாற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை துவைப்பவருக்கு, துவைக்கக் காத்திருப்பது, காய்வது, பயன்பாட்டில் இருப்பது எல்லாம் சேர்த்து எட்டுத் துணிகள் தாராளம். ஸ்க்ரப்பர் மூன்று இருந்தால் ஒன்று எப்போதும் முழுதாகக் காய்ந்திருக்கும். தைக்கும்போதே ஓர நூலின் நிறத்தால் வேலையைப் பிரித்துவிடுங்கள்: பாத்திரத்துக்கு ஒரு நிறம், மேடைக்கு ஒரு நிறம், தரைக்கு ஒரு நிறம். பச்சை இறைச்சியின் நீர் அல்லது முட்டை பட்ட துணியை அலசி மீண்டும் மாட்டாமல் நேரே சலவைக் கூடைக்கு அனுப்புங்கள்.

துவைத்தலும் உலர்த்தலும்

ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் உணவுத் துணுக்கு போக அலசி, இறுக்கிப் பிழிந்து, விரித்து மாட்ட வேண்டும். அழுக்குத் துணிகளை மூடியுள்ள வாளியில் போட்டுவைக்காமல், காற்று புகும் கூடையிலோ பருத்தி வலைப் பையிலோ போடுங்கள். துவைக்க 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் நல்லது. இயந்திரம் இல்லாதவர்கள் சலவைத்தூள் கலந்த கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்து அலசலாம். சணல் முகமுள்ளவற்றை மட்டும் அவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டாம். கறைக்குக் குளோரின் ப்ளீச்சைவிட சோடியம் பெர்கார்பனேட் சார்ந்த ஆக்ஸிஜன் ப்ளீச் ஏற்றது. அது நீரில் கரைந்ததும் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிந்துவிடும், வெந்நீரில் நன்றாக வேலை செய்யும். குளோரின் ப்ளீச் பருத்தி இழையை மெல்ல மெல்ல அரிக்கும். அதனுடன் வினிகர் சேர்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும் என்பதால் இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

துணி மென்மையாக்கியைத் தவிர்த்துவிடுங்கள். அது இழைகளின்மேல் மெழுகு போலப் படிந்து நீரைத் தள்ளும். கடின நீர் உள்ள இடத்தில் சாதாரண சோப்பும் இதே வேலையைச் செய்யும்; நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெண்படலமாகத் துணியில் தங்கிவிடும். சில மாதங்கள் கழித்துத் துணி நீரைச் சரியாக எடுக்கவில்லையென்றால், முதலில் செய்த சோடா ஊறலை மீண்டும் ஒருமுறை செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எண்ணெய் துடைத்த துணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாவர எண்ணெய் ஊறிய பருத்தித் துணி காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறும் இயல்புடையது. குவித்து வைத்தாலோ, எண்ணெய் சரியாகப் போகாமல் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சூட்டோடு குவித்தாலோ தீப்பற்றக்கூடும். அவற்றை அன்றே வெந்நீரில் சலவைத்தூளோடு துவைத்து, கொடியில் விரித்துக் காயவையுங்கள். மற்றத் துணிகளுக்கும் வெயிலும் காற்றும் உள்ள கொடியே சிறந்த இடம். மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம்.

தேய்ந்த பிறகு

ஓரத் தையல் அறுந்தால் உடனே தைத்துவிடுங்கள். டர்க்கியில் ஒரு வளையம் உருவி வெளியே வந்தால் இழுக்காமல் கத்தரியால் நறுக்கினால் போதும். ஸ்க்ரப்பரில் முதலில் போவது தேய்க்கும் முகம். அதன் தையலைப் பிரித்து, பின்முகத்தை வைத்துக்கொண்டு புதிய முகத்தை மட்டும் மாற்றலாம். இரட்டை அடுக்குத் துண்டு நடுவில் தேய்ந்தால், அடுக்கைப் பிரித்து ஸ்க்ரப்பரின் உள்துணியாக வெட்டிக்கொள்ளலாம். மேடைத் துணி கறைபடிந்து மங்கினால் ஓரத்தில் தரைக்கான நிறத்தில் ஒரு வரி தைத்துத் தரைக்கு அனுப்பலாம். அதற்கும் உதவாதபோது பாலியெஸ்டர் நூல் உள்ள ஓரங்களையும் வளையத்தையும் கத்தரித்து நீக்கி, மீதியுள்ள பருத்தியையும் சணலையும் உள்ளங்கை அகலத் துண்டுகளாக நறுக்கி உரக்குழியில் போடுங்கள். வேதித் துப்புரவுத் திரவம் ஊறிய துணிகளை மட்டும் அந்தக் குழியில் சேர்க்க வேண்டாம்.